காலேஜ் கதை இருக்குங்களா?

வாடகைப் புத்தகக் கடை வைத்தவளுக்குக் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். நீங்களும் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, "என்னங்க இப்படிக் குடுத்துட்டீங்க?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் என்றால், இதைப் படிக்கும்போதே தலையாட்டுவீர்கள். புடவைக் கடைக்காரருக்குச் சாயம் போனால்தான் திட்டு. எனக்கு, யாரோ எழுதிய கதையில் யாரோ ஒருத்தி அழுதாலும் திட்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்செங்கோட்டில், எங்கள் வீட்டு முன்னறையில்தான் கடை. அப்போது 'காலேஜ் கதை'க்கு ஏகக் கிராக்கி. ஒரு காலேஜ் பையன், ஒரு காலேஜ் பெண், நடுவில் ஒரு பஸ் ஸ்டாப். இவ்வளவுதான் சரக்கு. பொம்பளை நடத்துகிற கடை என்பதால் பெண்பிள்ளைகளையும் நம்பி அனுப்புவார்கள். அதில் ஒரு குடும்பத்தின் அபிப்பிராயங்களை மட்டும் இங்கே சொல்கிறேன். மற்றதையெல்லாம் சொன்னால் எனக்கு மறுபடியும் தலைவலி வந்துவிடும்.

பசிக்காத பிள்ளைகள்

முருகேசன் ரிக் லாரி டிரைவர். ஆழ்துளைக் கிணறு போட ஆந்திரா பக்கம் போனால் மாசக்கணக்கில் ஊர் திரும்ப மாட்டான். போகும்போது ஒரு பை நிறைய காலேஜ் கதை எடுத்துக்கொண்டு போவான். திரும்பி வரும்போது எல்லாப் புத்தகத்திலும் கிரீஸ் கைரேகை இருக்கும். "இது புத்தகமா, உன் வண்டி பேரிங்கா?" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே அட்டையை வேட்டியில் துடைப்பான், அது இன்னும் கறுப்பாகும்.

ஒருமுறை புத்தகங்களை மேசைமேல் வைத்துவிட்டு, ரொம்ப நாளாக யோசித்த ஆள் மாதிரி கேட்டான். "ஏனுங்க அக்கா, இந்தக் காலேஜ் பசங்க எப்பத்தான் சோறு திம்பாங்க? பாடறாங்க, அழுவறாங்க, மழையில நனையறாங்க, கடைசியில கண்ணாலம் பண்ணிக்கறாங்க. பசியே எடுக்காதுங்களா?"

ஓடிப்போகாத கதை

முருகேசன் ஒரு புத்தகத்தை அவன் அக்கா வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அக்கா பழனியம்மாளுக்கு ஊருக்கு வெளியே தோட்டம். எழுதப் படிக்கத் தெரியாது. மகள் சரசு ப்ளஸ் டூ படிக்கிறாள். அவள் அந்தப் புத்தகத்தைக் மாட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து படித்ததைப் பார்த்துவிட்டு, அந்தம்மா அவளையும் இழுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்துவிட்டார். முந்தானையில் சுற்றியிருந்த புத்தகத்தை எடுத்து என் முன்னால் தொப்பென்று போட்டார்.

"இதுல பொண்ணு ஓடிப்போகுதுங்களா?"

ஓடித்தான் போகிறாள், அதுவும் இரண்டாம் அத்தியாயத்திலேயே. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். பின்னால் நின்ற சரசுவுக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பியது. எனக்குப் பாவமாக இருந்தது. "ஓடிப்போகாத கதையும் இருக்குங்க" என்று சொல்லிவிட்டு அலமாரியைக் குடைந்தேன். காலேஜ் கதைகளில் ஓடிப்போகாத பெண்ணைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவழியாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர், மகளைப் பார்த்துச் சட்டம் போட்டார். "நான் கடலக்கா உடைக்கறப்ப பக்கத்துல உக்காந்து சத்தமாப் படிக்கோணும். மனசுக்குள்ள படிக்கற சோலியெல்லாம் ஆகாது சாமி!"

வகுப்பே நடக்காத காலேஜ்

அதற்குப் பிறகு சரசு பள்ளிக்கூடம் விட்டு, பஸ்ஸுக்கு நேரமிருந்தால் கடைக்கு வருவாள். ஓடிப்போகாத கதைகளுக்கென்று அலமாரியில் ஒரு தட்டையே ஒதுக்கினேன். மற்ற பிள்ளைகள் மாதிரி "சூப்பர்", "சோகம்" என்று ஒரு வார்த்தையில் முடிக்கிறவள் இல்லை அவள். ஏதோ பரீட்சைத் தாள் திருத்தியவள் போல நின்று நிதானமாகச் சொல்வாள். ஒருநாள் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவள் போகாமல் நின்றாள்.

"என்ன கண்ணு, நல்லா இல்லையா?"

"கேன்டீன் வருதுங்க, மரத்தடி வருதுங்க, சைக்கிள் ஸ்டாண்டுகூட வருதுங்க. அங்க என்னதான் சொல்லிக் குடுப்பாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் நான் படிச்சேன். எல்லாருமே காலேஜுக்குப் போறாங்க அக்கா, ஒருத்தியாவது பாடம் படிக்கறாளுங்களா?"

பழனியம்மாளின் கோபம்

கதை கேட்டுக் கேட்டு அந்தம்மாவுக்கு ருசி பிடித்துவிட்டது. சந்தைக்கு வந்தால் மகளோடு கடைக்குள் நுழைந்து, விட்ட இடத்தைச் சொல்லி மேலே என்ன ஆகும் என்று என்னைத் துளைத்தெடுப்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன். அது தொழில் தர்மம்.

அந்தச் சமயத்தில் அவர்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு கெட்டிக்காரப் பெண்ணின் கதை. டீச்சராக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். நல்ல இடத்திலிருந்து மாப்பிள்ளை வந்ததும் அப்பா படிப்பை நிறுத்தச் சொல்கிறார். பழனியம்மாள் அந்த அப்பாவை என் கடையில் நின்றுகொண்டு கிழி கிழியென்று கிழித்தார். "கட்டைல போறவன், அவனுக்கெல்லாம் ஒரு புள்ள!" நான் சிரித்துக்கொண்டே சரசுவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தம்மா வெளியே யாரையோ பார்த்துப் பேசப் போனபோதுதான் சரசு சொன்னாள். நாமகிரிப்பேட்டையில் மஞ்சக்காடு உள்ள இடத்திலிருந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்களாம். எல்லாருக்கும் சம்மதமாம். பரீட்சை எழுதியதும் கல்யாணம், படிப்பு அதோடு சரி. "அப்பா அம்மாகிட்ட வாயத் தொறக்கவே பயமா இருக்குதுங்க அக்கா" என்றாள். அவர்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த கதையின் முடிவு எனக்குத் தெரியும். அந்தப் பெண் புத்தகங்களைப் பரண்மேல் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மணவறையில் போய் உட்காருவாள். எழுதியவர் எதிரில் வந்திருந்தால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன்.

திரும்பி வந்த பழனியம்மாளுக்குக் கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை. "படிக்கற புள்ளயப் புடிச்சு அடுப்பு மூலைல தள்ளறானே! எம்புள்ளையா இருந்தா உடுவனா நானு?"

பழனியம்மாளின் அபிப்பிராயம்

அடுத்த சந்தைக்கு அந்தம்மா மட்டும் தனியாக வந்தார். புத்தகத்தை மேசைமேல் பதனமாக, அலுங்காமல் வைத்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"கதை முடிஞ்சுதுங்க அம்மிணி. அந்தப் புள்ள அப்பன்கிட்ட அழுது கேட்டுச்சாமா. அப்பன் மனசு எளகி காலேஜுக்கு அனுப்பிட்டானாமா. டீச்சராகி, தலை நிமிந்து ஊருக்குள்ள நடந்து வந்துச்சாமா. சரசு படிச்சா. இதுல அப்படித்தான் போட்டிருக்குதுங்களா?"

வாய் திறக்கப் பயந்த பிள்ளை, கதையின் முடிவையே மாற்றிப் படித்து, தன் ஆசையைக் கேட்டிருக்கிறது. இல்லை என்று சொன்னால் அவள் கதி? தொழில் தர்மமாவது ஒன்றாவது!

"ஆமாங்க, அப்படியேதானுங்க போட்டிருக்குது" என்றேன்.

பழனியம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"நீங்களும் கூட்டுக் களவாணிதானுங்களா? உங்க வாயால கேக்கோணும்னுதான் கேட்டேன். ஒரே பக்கத்தப் புடிச்சுக்கிட்டு, திருப்பாமயே அம்புட்டுக் கதையும் படிச்சா. கொரலு வேற அழுவுது. எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, எம்புள்ள மூஞ்சி தெரியாதுங்களா? அவங்கப்பன்கிட்டப் பேசிட்டேன், நாமகிரிப்பேட்டைக்கும் வேண்டாம்னு ஆளு சொல்லி உட்டாச்சு. காலேஜுல சேக்கறதுக்கு எங்க போயிக் கேக்கோணும், அதச் சொல்லுங்க அம்மிணி!"

ஆக, இத்தனை வருசத்தில் நான் வாடகைக்கு விட்டது கதையை மட்டும்தான், முடிவை அவரவர் வீட்டிலேயே செய்துகொண்டார்கள்.