மூலையில் நின்றவர்

அந்தச் சலூனில் கண்ணாடிக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வாடிக்கைக்காரர்கள் உட்காருவார்கள். மற்றதில் சம்மட்டி உட்கார்ந்திருப்பார்.

சம்மட்டி என்று ஊர் பேர் வைத்த அந்தக் குத்துச்சண்டை வீரர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அது சலூன்காரருக்குத் தெரியாதா? கூடப் பிறந்த அண்ணன் ஆயிற்றே! ஆனாலும் காலையில் ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட்டதும், கண்ணாடிக்குள் அண்ணன் தெரிவார். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்கு மணி அடிப்பதற்குள் குட்டி ஸ்டூலில் உட்காருவாரே, அதே மாதிரி. முழங்காலில் கைகளை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு, தம்பியையே பார்த்துக்கொண்டு. திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கும். அதில் மட்டும் யாரையும் அவர் உட்கார விடுவதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் டிவியில் ஒரு குத்துச்சண்டையும் ஒரு கூண்டுச் சண்டையும் அடுத்தடுத்து வந்திருந்தன. சலூனில் சும்மா இருப்பார்களா?

"குத்துச்சண்டைன்னா அது ஒரு நடனம்யா," என்றார் முகமெல்லாம் சோப்பு நுரையோடு இருந்த தபால்காரர். "காலைப் பாத்தாலே வயிறு நெறைஞ்சிடும். உங்க கூண்டுல என்ன இருக்கு? ரெண்டு பேர் தரையில கட்டிப் புரளுறான். எது எவன் காலுன்னே தெரியல."

பெஞ்சில் இருந்த கறிக்கடைக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். "தெருவுல ஒருத்தன் அடிக்க வந்தா, இடுப்புக்குக் கீழ கூடாது, மணி அடிச்சா நிறுத்தணும்னு உங்ககிட்ட கையெழுத்துப் போட்டுட்டா வருவான்? உதை, பிடி, முறுக்கு எல்லாம் சேந்ததுதான்யா சண்டை. மத்ததெல்லாம் விளையாட்டு."

"எலும்பு ஒடைக்கிறதையே பொழப்பா வெச்சிருக்கற ஆளு வேற எப்படிப் பேசுவீரு!"

"நீங்க லெட்டரை எதிர்வீட்டுல போடுறதை மொதல்ல நிறுத்துங்க. அப்புறம் நடனத்தைப் பாக்கலாம்."

சலூன்காரர் கத்தியை ஒரு விநாடி கன்னத்திலிருந்து விலக்கிக்கொண்டார். தபால்காரர் சிரிக்கும்போது கத்தி வைக்கக் கூடாது.

"சிரிக்காதீங்க, கேளுங்க," என்றார் கறிக்கடைக்காரர். "கூண்டுல ஒரு நியாயம் இருக்கு. கழுத்துப் பிடியில மாட்டிக்கிட்டியா, தாங்க முடியலையா, கையால தட்டு. உடனே விட்டுடணும். நான் தோத்தேன்னு அவனே சொல்லிட்டு உசுரோட வீட்டுக்குப் போறான். உங்க ஆளு? கீழ விழுந்தாலும் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி எழுப்பி மறுபடியும் அடி வாங்க விடுறீங்க."

"குத்துச்சண்டைக்காரன் தானா ஒத்துக்க மாட்டான். அதுக்குத்தான் மூலையில ஒரு மனசாட்சியைத் துண்டோட நிக்க வெச்சிருக்கோம்." தபால்காரர் கண்ணாடிக்குள் சலூன்காரரைக் காட்டினார். "இதோ, நிக்கிறாரே! ஜெயிக்கிற நேரத்துல துண்டை உள்ள போட்டு, சண்டைய நிறுத்தி, அண்ணன் உசுரக் காப்பாத்துன மனுஷன். உங்க கூண்டுல காட்டுங்க இப்படி ஒரு ஆளை!"

கறிக்கடைக்காரர் சலூன்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கடையில் எல்லா வாதமும் அங்கேதான் போய் முடியும்.

கண்ணாடிக்குள் அண்ணன் லேசாகத் தலையைத் தூக்கினார். சலூன்காரர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அப்போதுதான் அண்ணன் மகள் உள்ளே வந்தாள். தோளில் பை, புருவத்தில் ஒரு பிளாஸ்திரி. அப்பாவின் அதே அகலத் தோள்.

"சித்தப்பா, எனக்கு மொதல் கூண்டுச் சண்டை வந்திடுச்சு."

"பாத்தீரா!" என்று கறிக்கடைக்காரர் துள்ளினார். "சம்மட்டி வீட்டுப் பொண்ணே எங்க கட்சி!"

அவள் சிரிக்கவில்லை. "அம்மா விடவே மாட்டேன்னாங்க. இப்ப ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. மூலையில நீங்க நிக்கணுமாம். அப்பாவுக்குத் துண்டு போட்ட கையி நின்னாதான் மகளை அனுப்புவேங்கறாங்க. நீங்க மாட்டேன்னுட்டா நானும் போக முடியாது."

தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோப்பு எரிந்ததோ, மனம் இளகியதோ. சலூன்காரர் கத்தியைத் தண்ணீரில் போட்டுவிட்டார்.

"அம்மாகிட்ட நானே வந்து பேசறேன், பாப்பா," என்றார்.

என்ன பேசுவது? ஊருக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியுமே!

அந்தத் துண்டை அவர் போடவில்லை.

நாவிதர் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் முடி வெட்டி முடித்ததும் துண்டைப் படீரென்று ஓர் உதறு உதறும். நாளெல்லாம் உதறிய கை, பதற்றம் வந்தால் தானாக உதறும். அன்றைக்கு மூலையில் நின்றபோதும் அதுதான் நடந்தது. அண்ணனுக்கு நெற்றிப்பொட்டில் ஒரு குத்து விழுந்தது. அண்ணன் தடுமாறினார், நிமிர்ந்தார், பழையபடி முன்னேறினார். புள்ளிக் கணக்கில் அவர்தான் முன்னால். தம்பியின் கையோ, பதறிப்போய், துண்டை உதறியது. ஐஸ் தண்ணீரில் நனைந்த துண்டு; வழுக்கியது; கயிற்றைத் தாண்டிப் பறந்து நடுவரின் காலடியில் போய் விழுந்தது. மூலையிலிருந்து துண்டு விழுந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைதான் இன்றும் கண்ணாடியில்.

பிறகு டாக்டர் வந்து சோதித்தார். இன்னொரு அடி விழுந்திருந்தால் மூளையில் ரத்தம் கசிந்திருக்கும், நல்ல நேரத்தில் நிறுத்தினீர்கள் என்று தம்பியின் முதுகில் தட்டினார். அந்தத் தட்டலோடு கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. உண்மையைச் சொன்னால் முட்டாள். வேண்டுமென்றே போட்டேன் என்றால் பொய்யன். வாயை மூடிக்கொண்டாலோ தெய்வம்! அவர் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் மறுபடி வளையத்துக்குள் ஏறவில்லை. கிடங்கில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போனார். சாகும்வரை தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவுமில்லை.

கடை விடுமுறை நாளின் பிற்பகலில் சலூன்காரர் அண்ணி வீட்டுக்குப் போனார். அண்ணி வேலை பார்க்கும் துணிக்கடையிலிருந்து வந்த சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

உட்காராமலே சொல்லிவிட்டார். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம். "அண்ணி, அந்தத் துண்டை நான் போடல. உதறுனேன், நழுவிடுச்சு. நான் யாரையும் காப்பாத்தல. என்னை நம்பிப் புள்ளைய அனுப்பாதீங்க."

அண்ணி நூலைப் பல்லால் கடித்தார். ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். அழுவார் என்று சலூன்காரர் நினைத்தார், அழவில்லை. திட்டுவார் என்று நினைத்தார், அதுவும் இல்லை.

"அவருக்குத் தெரியும் தம்பி."

சலூன்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் சொல்லிட்டார். 'அவன் மூஞ்சியப் பாத்தேன்டி. போட்ட மூஞ்சி இல்ல அது. டம்ளரை ஒடைச்ச சின்னப் புள்ள மூஞ்சி. நாளைக்கு வந்து சொல்லுவான், ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம்'னார். மறுநாள் நீங்க வரல."

"அண்ணன் வந்திருக்கலாமே அண்ணி! ஒரு தடவை கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே!"

"நானும் கேட்டேன். 'ஊரே அவனைத் தூக்கி வெச்சுக் கொண்டாடுது. நான் போய் எதிர்ல நின்னா, என் மூஞ்சிக்கு நேரா அவன் பொய் சொல்லணும். அது வேணாம். அவனா வரட்டும்'னார்." அண்ணி மடியிலிருந்த சட்டையை ஒதுக்கி வைத்தார். "அந்தத் தாடி எதுக்குன்னு நெனச்சீங்க?"

சாலையில் எத்தனையோ முறை அந்தத் தாடியை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். கோபத்தில் வளர்க்கிறார் என்றுதான் நினைத்திருந்தார். பார்த்ததும் சந்துக்குள் திரும்பிவிடுவார்.

"என் தம்பி கத்தி தவிர வேற கத்தி இந்தக் கன்னத்துல படக்கூடாதுன்னார். ஆஸ்பத்திரியில ட்யூப் வைக்கணும், தாடிய எடுக்கணும்னு நர்ஸ் சொன்னப்பகூட, 'கொஞ்சம் இருங்க, வந்துடுவான்'னார்."

சலூன்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதார். தாம் இத்தனை காலம் கண்ணாடியில் பார்த்தது குற்றம் சாட்டுகிற முகம் அல்ல, காத்துக்கொண்டிருந்த முகம் என்று இப்போது தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? கோபித்தவரிடம் மன்னிப்புக் கேட்கலாம். காத்திருந்தே போனவரிடம் என்ன கேட்பது?

"புள்ளைக்கு வேற ஆளைப் பாருங்க அண்ணி," என்றார் கடைசியில்.

"வேற யாரு தம்பி இருக்கா எனக்கு?" என்றார் அண்ணி. "நழுவினதைத்தான் இன்னைக்குச் சொல்லிட்டீங்களே. நேத்துவரைக்கும் ஊர் சொன்ன கதைய நம்பற மாதிரி பாவனை பண்ணிக்கிட்டுத்தான் உங்களைக் கேட்டேன். இப்ப பாவனை இல்லாமயே கேக்கறேன். நில்லுங்க."

வாசலில் செருப்புச் சத்தம். மகள் பயிற்சி முடிந்து ஈரத் தலையோடு வந்து நின்றாள். சித்தப்பா தரையில் இருப்பதையும், அம்மாவின் முகத்தையும் பார்த்தாள். எவ்வளவு கேட்டிருப்பாளோ, தெரியவில்லை. பையை மூலையில் போட்டுவிட்டு அவர் எதிரிலேயே பாயில் படுத்தாள்.

"மூலையில நிக்கறவருக்குத் தட்டுனா எப்படி இருக்கும்னு தெரியணும் சித்தப்பா. கையக் குடுங்க. என் மணிக்கட்டைப் பிடிங்க. ம்… என் முழங்கையை உங்க முட்டிமேல வெச்சு, மெதுவா கீழ அமுத்துங்க. பயப்படாதீங்க, நான் சொல்றேன்."

அவர் பிடித்தார். உள்ளே நாடி ஓடியது. அண்ணனுக்குச் சண்டைக்கு முன் துணி சுற்றிவிட்ட அதே எலும்பு, அதே கனம். சற்றே அமுத்தினார். அவள் மறு கையால் அவர் தொடையில் தட்டினாள். தட், தட். போதும் என்று ஒரு உயிர் தானாகச் சொல்கிற சத்தம்.

அவர் விடவில்லை.

"சித்தப்பா! தட்டிட்டேன்ல, விடுங்க!"

திடுக்கிட்டு விட்டார். அவள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். "இப்படித் தூங்குனா என் கை வீட்டுக்கு வராது!"

அண்ணி மறுபடி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார். சலூன்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மண்டியிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளின் மணிக்கட்டை மறுபடி பிடித்தார்.

"இன்னொரு தடவை தட்டு பாப்பா," என்றார். "இந்தத் தடவை சரியாக் கேக்கறேன்."