கடைசிப் பெட்டியில் நின்றவர்

சூரமங்கலத்தில் ஸ்டேஷனுக்குப் போகும் பாதையில் எனக்குப் படக்கடை. சாமி படங்களுக்குக் கண்ணாடி வைத்துச் சட்டம் அடித்துக் கொடுப்பது தொழில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. முருகன் புண்ணியத்தில் சோற்றுக்குக் குறைவில்லை. என் அண்ணன் மூன்றாவது பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை படித்தவர், கொஞ்சம் இங்கிலீஷும் பேசுவார். அதனால் ரயிலில் கூட்ஸ் வண்டிக்குக் கார்டாகச் சேர்ந்தார். கூட்ஸ் வண்டியில் கார்டுக்கு உரியது கடைசிப் பெட்டி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போவதெல்லாம் அந்தக் கடைசிப் பெட்டியைப் பற்றித்தான்.

கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் புதுக் காமிரா வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தார். முக்காலியில் நிறுத்தி, தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பார்க்கிற காமிரா. அதன் ஸ்லைடில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு கண்ணாடித் தகடுகள் இருக்கும். ஒரு படம் எடுத்த பின் ஸ்லைடைத் திருப்பிச் செருகினால் இன்னொரு படம் எடுக்கலாம்.

எனக்குக் கூட்ஸ் வண்டிகளின் மேல் எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சேலத்திலிருந்து பொம்மிடிக்குப் போகும் வழியில் லோகூர் பக்கம் பாதை சேர்வராயன் மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறும். இரு பக்கமும் காடு, நடுவில் பாறையை வெட்டிப் போட்ட தண்டவாளம். வெள்ளைக்கல் ஏற்றிய வண்டியை முன்னால் இரண்டு இஞ்சின்கள் மூச்சிரைக்க இழுத்துக்கொண்டு வருவதை ஒரு தடவை அந்த வளைவில் நின்று பார்த்தேன். தேர் நிலையை விட்டுக் கிளம்புவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கும்பிடக்கூடத் தோன்றியது.

அமாவாசையன்று கடை திறப்பதில்லை. காலையில் அப்பாவுக்குப் படையல் போட்டுவிட்டு, பாசஞ்சர் ஏறி லோகூரில் இறங்கி, வளைவு வரை நடப்பேன். மத்தியானக் கூட்ஸ் வரும். அண்ணன் எப்படியாவது தன் முறையை மாற்றிக்கொண்டு, பெரும்பாலான அமாவாசைகளில் அந்த வண்டியிலேயே வந்துவிடுவார்.

இஞ்சின் வளைவில் முகம் காட்டும்போது முதல் தகட்டை எடுத்துவிடுவேன். வண்டி நடக்கிற வேகத்தில்தான் ஏறும். இஞ்சின் என்னைத் தாண்டிய பிறகு கார்டு பெட்டி வந்து சேர்வதற்குள் நிதானமாக ஒரு வெற்றிலை போட்டு முடிக்கலாம். நான் உண்மையிலேயே வெற்றிலை போட்டிருக்கிறேன். இன்னொரு தகடு ஸ்லைடில் சும்மா இருக்கும். அடுத்த வண்டி வந்தால் அதன் இஞ்சினுக்கு ஆகட்டும் என்று வைத்திருப்பேன்.

அண்ணன் பெட்டி வாசலில் பச்சைக் கொடியோடு நின்று கத்துவார்.

"ஏண்டா தம்பி! கரிப்பொகைக்குக் குடுக்கற மருவாதிய அண்ணனுக்குக் குடுக்க மாட்டியா?"

"இஞ்சின் செவப்பா லட்சணமா இருக்குதுங்கண்ணா, நீங்க கறுப்பா இருக்கறீங்க!"

"அடேய், அது கறுப்பு, நாந்தான் செவப்பு! கண்ணாடி போடற கடைக்காரனுக்குக் கண்ணாடி வேணுமாட்ட இருக்குது!"

சிரித்துக்கொண்டே போய்விடுவார். கொடி வளைவில் மறைகிற வரை ஆடிக்கொண்டே இருக்கும்.

என் படம் ஒன்றைப் பார்த்த ரயில்வே அதிகாரி ஒருவர் அதை வாங்கித் தம் வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார். அதிலிருந்து எனக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது. மனுஷ முகத்தை ஸ்டுடியோக்காரன் எவனும் எடுப்பான், நாம் எடுப்பது வேறு என்று நினைத்தேன்.

ஒரு மார்கழியில் அண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னார். "தம்பி, லோகூர்ல தண்ணி பிடிக்க வண்டி நிக்குமில்ல, அப்ப பெட்டிக்கு முன்னால என்னைய நிக்க வெச்சு ஒரு படம் எடு. கோட்டு, கொடி, எல்லாத்தோடயும். உங்க அண்ணி கேட்டுக்கிட்டே இருக்கறா."

அம்மா குறுக்கே விழுந்தார். அப்பா ஒரு திருவிழாவில் போட்டோ எடுத்துக்கொண்டார், அந்த மாதமே போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து, போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்பது எங்கள் வீட்டில் அசைக்க முடியாத நம்பிக்கை. அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "பூக் கேட்டுப் பாத்துக்கலாங்கண்ணா" என்றேன்.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவது முதல் கல்யாணம் பேசுவது வரை பூக்கேட்டுத்தான் செய்வோம். பூசாரி வெள்ளை அரளி ஒன்றையும் செவ்வரளி ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி காலடியில் வைப்பார். கேட்கிறவன் கேள்வியைச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இப்போது வேண்டாம் என்று அர்த்தம். மூன்று மாதம் பொறுத்து மறுபடி கேட்கலாம்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் குன்றின் மேலிருக்கும் முருகன் கோயிலில், "இந்தத் தையில் அண்ணனைப் படம் எடுக்கலாமா?" என்று கேட்டேன். பூசாரி ஒரு மடிப்பைப் பிரித்தார். செவ்வரளி.

அண்ணன் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு என் தோளைத் தட்டினார். "செரிடா தம்பி, இருக்கட்டும். சித்திரையில மறுக்காக் கேளு."

இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? சிவப்பைக் கண்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆயுசு பயம் பாதிதான். மறுபாதி, இரண்டாவது தகடு தப்பித்தது என்பது. சித்திரை வந்தது. நான் கோயிலுக்குப் போனேன், கும்பிட்டேன், விபூதி பூசிக்கொண்டேன். பூ மட்டும் கேட்கவில்லை. அண்ணனும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அடுத்த சித்திரையிலும் அப்படித்தான். அதற்குள் யுத்தம் வந்து தகடு கிடைப்பதே அரிதாகிவிட்டது. அது எனக்கு இன்னொரு சாக்கு.

யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் ஐப்பசியில் அண்ணனுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பதினெட்டு நாள் படுத்திருந்தார். நான் செய்யாத வேண்டுதல் இல்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் போய்விட்டார். படமே எடுத்துக்கொள்ளாத அவருடைய ஆயுசும் அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு, அண்ணி நிலைப்படியை ஒட்டி நின்று என்னைக் கூப்பிட்டார். தோளில் இரண்டு வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங் தம்பி, அவரு போன வண்டிய எல்லாம் நீங்க படம் புடிச்சிருக்கறீங்க. அதுல அவரு மொகம் தெரியறது ஒண்ணு குடுங்க. இவ பெரிசானா, அப்பன் எப்படி இருப்பாருன்னு கேப்பாளுங்க."

"பாத்துக் கொண்டாறனுங்கண்ணி" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அப்போதே தெரியும்.

ஆனாலும் தகடுகள் வைத்திருந்த பெட்டிகளை இறக்கி, தகடு தகடாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நாள் கடை திறக்கவில்லை. இஞ்சின், இஞ்சின், புகை, பாறை, இஞ்சின். ஒரே ஒரு தகட்டில் வண்டி முழுதும் வளைவில் அரைவட்டமாகத் திரும்பியிருந்தது. அதன் கோடியில் கார்டு பெட்டி கடுகளவு தெரிந்தது. வாசலில் ஏதோ நின்றது. ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்து முடிந்த மட்டும் பெரிசாக்கச் சொன்னேன். அவர் கழுவி எடுத்துக் காட்டினார். கோட்டின் நிழல் தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தேய்ப்பு. கொடியை ஆட்டிக்கொண்டே உடம்பையும் ஆட்டியிருக்கிறார். எனக்காகத்தான் ஆட்டியிருக்கிறார்.

அதையும், முழு வண்டி தெரிகிற படத்தையும் எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. பூக்கேட்டதையும், பிறகு கேட்காமல் விட்டதையும், ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

அண்ணி படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "அமாவாசைக்கு அமாவாசை அந்த நல்ல கோட்டத்தானுங்க போட்டுக்கிட்டுப் போவாரு. முந்தின நாளே பித்தளைப் பொத்தானுக்கெல்லாம் புளி போட்டுத் தேய்க்கச் சொல்லுவாரு. 'எதுக்குங்க, கூட்ஸ் வண்டிக்கு யாரு பாக்கறா'ன்னு கேட்டா, 'தம்பி மனசு என்னைக்கு மாறும்னு சொல்ல முடியாது புள்ள'ம்பாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒவ்வொரு அமாவாசையும் பொத்தான்கள் மின்ன அவர் என்னைத் தாண்டிப் போயிருக்கிறார். நான் வெற்றிலை மென்றுகொண்டு நின்றிருக்கிறேன்.

"இதுக்கே சட்டம் போட்டுக் குடுங்க தம்பி" என்றார் அண்ணி. "அழிஞ்சிருந்தாலும் அவருதானுங்களே."

பெரிசாக்கிய படம் அல்ல, முழு வண்டியும் தெரிகிற படத்தைத்தான் கேட்டார். தேக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் ஒரு கூட்ஸ் வண்டி இருப்பது அந்த ஒரு வீட்டில்தான் இருக்கும். அண்ணி தினமும் குளித்துவிட்டு வந்து, இஞ்சினையெல்லாம் விட்டுவிட்டு, கடைசிப் பெட்டியின் மேல் மட்டும் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். புதிதாக வருகிறவர்கள் விழிப்பார்கள். குழந்தை விரலை நீட்டி, "அப்பா இதுக்குள்ள இருக்கறாரு" என்று சொல்லும்.

அதன் பிறகு காமிராவை நான் தொடவில்லை. அண்ணன் திதிக்கு அந்த வீட்டுக்குப் போகும்போது படத்தின் கண்ணாடியைத் துடைத்து வைப்பேன். அது என் தொழில். சந்தனம் காய்ந்து தடித்து, அந்தக் கடுகளவு உருவத்தையும் மூடிவிட்டது. அந்த இடத்தை மட்டும் துடைக்கக் கை போவதில்லை.

முருகன்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவன் மூன்று மாதத்துக்குத்தான் வேண்டாம் என்றான். மிச்ச மாதங்களையெல்லாம் வேண்டாமென்று ஆக்கியவன் நான். கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பூ வைத்து மட்டும் கேட்டதில்லை. எந்தப் பூ வருமோ என்று பயமாக இருக்கிறது.