அண்ணன் கூப்பிட்ட மத்தியானம்

பேய், ஆவி, முனி என்று எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருடமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறவன் நான். எங்கே சத்தம் கேட்டாலும் அதற்குப் பின்னால் ஒரு பேரிங் இருக்கும், ஒரு பெல்ட் இருக்கும், தேய்ந்துபோன ஒரு பல்சக்கரம் இருக்கும், திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். பழைய தண்ணீர்த் தொட்டிப் பக்கம் யாரோ அழுகிறார்கள் என்று தொழிலாளர் லயத்தில் ஒருமுறை பெரிய கலவரம். நான் ஸ்பானரோடு போய், காற்றுப் புகுந்து ஊளையிட்ட குழாயைக் கழற்றிக்கொண்டு வந்து எல்லாருக்கும் காட்டினேன். அப்படிப்பட்ட ஆள். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் அப்பா சவரிமுத்து. போன வருடம் இறந்தபோது தொண்ணூறு வயது. அவருக்கு ஒரே அண்ணன், அருளப்பன், எனக்குப் பெரியப்பா முறை. நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வயதிலேயே போய்விட்டார். யுத்தத்தில் குண்டு போடும் விமானத்தை ஓட்டியவர் அவர். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மகன் விமானம் ஓட்டினான் என்றால் இதையே பலர் நம்புவதில்லை, ஆனால் அது உண்மை.

தாத்தா மூத்த மகனை மெட்ராசில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் படிக்க அனுப்பினார். போன மறுவருடம் இங்கே ஜப்பான்காரன் வந்துவிட்டான், கப்பல் நின்றது, கடிதம் நின்றது. அங்கே பெரியப்பா படிப்பை விட்டுவிட்டு விமானப்படையில் சேர்ந்துவிட்டார். இங்கே யாருக்கும் தெரியாது. மகன் பரீட்சையில் தேற வேண்டும் என்று அவரைப் பெற்றவர் ஒவ்வொரு ஞாயிறும் முட்டி போட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார், மகன் பர்மா எல்லையில் காட்டுக்கு மேலே குண்டுகளைச் சுமந்துகொண்டு பறந்துகொண்டிருந்தார். யுத்தம் முடிந்து தபால் ஓடத் தொடங்கியதும் மெட்ராசிலிருந்து ஒரே கட்டாக வந்தது. பெரியப்பா வீட்டுக்கு எழுதி, அனுப்ப வழியில்லாமல் அந்தத் தம்பித் தாத்தா பத்திரப்படுத்தி வைத்திருந்த கடிதங்கள். எல்லாவற்றுக்கும் மேலே விமானப்படையிலிருந்து வந்த மரண அறிவிப்பு. மேலே இருந்ததைத்தான் முதலில் பிரித்தார்கள். அதற்கப்புறம் பல நாள் உட்கார்ந்து, உயிரோடு இருந்தவன் எழுதிய கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்களாம். நல்ல சாப்பாடு கிடைக்கிறது, கவலை வேண்டாம், சவரியைக் கேட்டதாகச் சொல்லவும், இப்படி.

விமானம் ஒரு மேகத்துக்குள் போனது, அந்தப் பக்கம் வெளியே வரவில்லை. கூடப் பறந்தவர்கள் சொன்னது அவ்வளவுதான். உடல் இல்லை, கல்லறை இல்லை.

அப்பா அண்ணனைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒரே ஒரு முறை பேசினார். என் மகள் ஜொகூருக்குப் படிக்கக் கிளம்பிய நாள் அது. அவளுடைய தம்பிக்கு அக்கா போகிறாள் என்று கோபம், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கெரேத்தா, கார்தான், வாசலில் நிற்கிறது, பெட்டி ஏற்றியாகிவிட்டது. விடுங்கள், சின்னப் பையன்தானே என்று நான் சொன்னேன். அப்பா கதவை உதைத்துத் திறந்து, அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அக்கா முன்னால் நிறுத்தினார். பிள்ளைகளைக் கைநீட்டி அடிக்காத மனிதர், அன்றைக்கு அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

"மூஞ்சியப் பாத்து போய்ட்டு வான்னு சொல்லுடா. சொல்லுடா இப்ப!"

கார் போன பிறகு அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் சொன்னார்.

பெரியப்பா கிளம்பிய அன்று அப்பாவுக்கு ஆறு வயது. மலையடிவாரத்துத் தாப்பாவுக்குத் தேயிலைப் பெட்டி இறக்கும் லாரியில் அவரை ஏற்றி அனுப்ப ஏற்பாடு. அண்ணன் போகிறானே என்ற ஆத்திரத்தில் அப்பா ரோட்டோரத் தேயிலைச் செடிக்கடியில் புகுந்து ஒளிந்துகொண்டார். அண்ணன் லாரியிலிருந்து இறங்கித் தேடினார். "டேய் சவரி, வாடா, லாரி கெளம்புதுடா" என்று மூன்று முறை கூப்பிட்டார். தேயிலை வரிசைக்குள் நிரை நிரையாக நடந்து வந்து, அப்பா ஒளிந்திருந்த செடிக்கு முன்னாலேயே நின்றார். கையை நீட்டினால் அவர் காலைத் தொட்டிருக்கலாம். அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். அண்ணன் போய்விட்டார்.

"என்னப் பாத்தானா, பாக்கலையான்னு தெரியலடா," என்றார் அப்பா. "அவன் எழுதுன லெட்டர் எல்லாத்தையும் தேடிட்டேன். ஒரு வார்த்த இல்ல. மூணு வாட்டி கூப்பிட்டான், நான் போகல."

எழுபது வயதைத் தாண்டிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அதன் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இனி அந்த மத்தியானம்.

அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார். புத்தி மட்டும் கடைசிவரை தெளிவு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி ரீத்தா அவருக்கு மருந்து வாங்கத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நான் லீவு போட்டுவிட்டு அப்பாவோடு இருந்தேன். காலையில் நல்ல மழை. சாப்பாட்டுக்கு அப்புறம் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து, எங்கள் வேலிக்கு அப்பால் இருக்கும் தேயிலை ஒரு செடிகூடத் தெரியாமல் மறைத்துவிட்டது. மணி மூன்று இருக்கும். அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எஞ்சின் சத்தம் கேட்டது.

ஹெலிகாப்டர் இங்கே எப்போதாவது வரும், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். லாரி ஏறும் சத்தமும் தெரியும். எங்கள் ஃபேக்டரியில் எந்த மெஷின் ஓடுகிறது என்று வீட்டிலிருந்தே சொல்லுவேன். இது அது எதுவும் இல்லை. பெரிய எஞ்சின், பழைய எஞ்சின், பத்துப் பன்னிரண்டு சிலிண்டருக்குக் குறையாது, அதில் ஒன்று சரியாக வெடிக்கவில்லை, விட்டு விட்டு இருமியது. நம்பினால் நம்புங்கள், அந்த நேரத்திலும் என் மனசு எந்த சிலிண்டர் என்றுதான் தேடியது. பள்ளத்துப் பக்கமிருந்து தாழ்வாக வந்து, கூரைக்கு மேலே இரண்டு முறை சுற்றியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தப் பனியில் எந்த விமானமும் பறக்க முடியாது, மலையில் மோதிவிடும். நான் ஜன்னலுக்கு ஓடினேன். வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகு சத்தம் நின்றது. தேய்ந்து தேய்ந்து தூரமாகப் போய் மறையவில்லை, சுவிட்சை அணைத்தது போல ஒரே வெட்டாக நின்றது.

திரும்பினேன். எட்டு மாதமாகத் தலையைத் தூக்காத அப்பா முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே, தேயிலைக்குள்ளிருந்து, ஓர் இளம் குரல்.

"டேய் சவரி!"

அந்த எஸ்டேட்டில் என் அப்பாவை டேய் போட்டுக் கூப்பிட உயிரோடு ஒருவரும் கிடையாது. சவரி என்று கூப்பிடக்கூட யாரும் இல்லை. எல்லாருக்கும் அவர் தாத்தா.

"அண்ணன்டா," என்றார் அப்பா. "என்ன எறக்கி விடுடா. வெளிய தூக்கிட்டுப் போ."

"அப்பா, படுங்க. எலும்பு ஒடஞ்சு போயிருக்கு லா, அசையாதீங்க."

"டேய் சவரி, வாடா!"

அப்பா ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே போட்டுவிட்டார். நான் அவரைக் கட்டிப்பிடித்து அமுக்கினேன். தொண்ணூறு வயது உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "விடுடா, விடுடா" என்று என் மார்பில் குத்தினார். மூன்றாவது முறையும் கூப்பிட்டது. இந்த முறை இன்னும் பக்கத்தில், வேலிக்கு அந்தப் பக்கம். அப்பா குத்துவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒனக்குக் கேக்குதுல்ல?"

எனக்குக் கேட்டது. உங்கள் முன்னால் சத்தியமாகச் சொல்கிறேன், தெளிவாகக் கேட்டது. ஆனால் கேட்கிறது என்று சொன்னால் அவர் போய்விடுவார் என்று தோன்றியது. எங்கே, எப்படி என்றெல்லாம் யோசிக்கவில்லை, போய்விடுவார், அவ்வளவுதான்.

"இல்லப்பா. யாரும் கூப்பிடல."

அப்பா கொஞ்ச நேரம் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சரி," என்றார்.

படுத்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஒரு சத்தமும் இல்லை. நான் கதவைத் திறந்து போய்ப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது.

அதற்குப் பிறகு அப்பா பேசவில்லை. பதினோரு நாள். கஞ்சி கொடுத்தால் வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் வயதைக் காரணமாகச் சொன்னார். ரீத்தா, "என்னங்க ஆச்சு, நான் ஆஸ்பத்திரி போறப்ப நல்லாதானே இருந்தாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளிடமும் நான் சொல்லவில்லை. கடைசி நாள் விடியற்காலையில் அவர் காதில் குனிந்து, "கேட்டுச்சுப்பா, எனக்கும் கேட்டுச்சு, மன்னிச்சிருங்க" என்றேன். அப்போது அவருக்கு நினைவு இல்லை. கூட இருக்க வந்த நர்ஸ் அப்படித்தான் சொன்னாள்.

அடக்கம் முடிந்து மூன்று வாரம் இருக்கும். ரஃபீக் என்று ஒரு பங்களாதேஷ் பையன், எங்கள் மலையில் கொழுந்து வெட்டுபவன், மெஷின் பிளேடு மாட்ட ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். பிளேடு மாட்டியாகியும் போகாமல் நின்றான். அவனுக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது, உடைந்த மலாய்தான். எங்கள் எல்லாரையும் அபாங் என்பான், மலாயில் அண்ணன். ஒரு பேச்சுக்கு அர்த்தம் தெரிய வேண்டும் அபாங் என்றான். யாரோ சொன்னது, மறந்துவிடக் கூடாது என்று தினமும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம். என்ன பேச்சு என்று கேட்டேன். அவன் பாடம் ஒப்பிப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொன்னான்.

"ஒலிஞ்சிருக்கான். பாத்துட்டேன். சொல்லாத. அலுவான்."

ஒளிந்திருக்கிறான். பார்த்துவிட்டேன். சொல்லாதே. அழுவான்.

யார் சொன்னது, எங்கே, எப்போது என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பயந்துபோய்ச் சொன்னான். பனி ஏறிய அந்த மத்தியானம், உங்கள் வீட்டு வேலிக்குப் பக்கத்து நிரையில் பனி விலகட்டும் என்று நின்றேன். ஓர் இளம் ஆள் வந்தார், காதை மூடிய தோல் குல்லா போட்டிருந்தார், மோட்டோர் சைக்கிள் ஓட்டி வந்தவர் என்று நினைத்தேன். வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். பிறகு நிரையில் தேடிக்கொண்டே வந்து ஒரு செடிக்கு முன்னால் நின்றார். குனிந்து பார்த்தார். சிரித்தார். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து இதைச் சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார்.

பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். என் அப்பா எண்பத்து நான்கு வருடம் தேடிய பதில் இந்த ஒரு வரிதான். அது மூன்று வாரம் தாமதமாக, அர்த்தம் தெரியாத ஒரு பையன் வாயில் வந்து சேர்ந்தது. ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து நான் அழுதேன்.

ஆனால் ரஃபீக் இன்னும் முடிக்கவில்லை. அந்த ஆள் போன பிறகு செடி அசைந்ததாம். அடியிலிருந்து ஒரு சின்னப் பையன் வெளியே வந்தானாம், ஐந்தாறு வயது, முழங்காலெல்லாம் மண். அழுதுகொண்டே அந்த ஆள் போன பக்கம் ஓடினானாம். எங்கள் லயத்தில் அந்த வயதுப் பையன் யாரும் இல்லை. அந்த நேரத்தில் என் அப்பா கட்டிலில், என் இரண்டு கைகளுக்குள் இருந்தார்.

"அந்தப் பையன் அவரைப் பிடித்துவிட்டானா?" என்று மலாயில் கேட்டேன்.

ரஃபீக் யோசித்தான். "கபுட், அபாங்," என்றான். கபுட் என்றால் மூடுபனி. அதற்குமேல் தெரியவில்லையாம்.

இப்போது அவன் ஊருக்குப் போய்விட்டான். மாதத்துக்கு ஒருமுறை போன் போட்டு நலம் விசாரிக்கிறேன். கடைசியில் அதையே கேட்கிறேன், நன்றாக யோசித்துப் பார், ரஃபீக், அவன் போய்ச் சேர்ந்தானா, இல்லையா? அவன் கோபித்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் அன்றைக்குச் சொன்னதையே மெதுவாகச் சொல்கிறான்.

"கபுட், அபாங். தெரியவில்லை."