சின்ன சாமியார் கொடுத்த விலக்கு

என் அண்ணனின் ஆத்துமத்தைப் பற்றி அவனைவிட நான்தான் அதிகம் கவலைப்பட்டேன். அப்போது எனக்கு எட்டு வயது. புது நன்மை வாங்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். முதன்முதலாக நற்கருணை வாங்குவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அதற்காக உபதேசியார் தினமும் சாயங்காலம் கோயில் வாசலில் எங்களை உட்காரவைத்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். ஒரே மாதத்தில் மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் மூன்றுக்கும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. விருதுநகருக்கு பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் தெரியாது.

எங்கள் ஊர் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் இருந்தது. மழை பெய்தால் காட்டு வேலை, பெய்யாவிட்டால் ஆபீஸ் வேலை. ஆபீஸ் என்றவுடன் மேசையும் மின்விசிறியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தீப்பெட்டி செய்கிற இடம் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு செய்கிற இடம் பட்டாசு ஆபீஸ். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டினாள். அண்ணனுக்குப் பதினேழு வயது, பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். பரீட்சை முடிந்ததும் அவனை அனுப்பச் சொல்லிப் பட்டாசு ஆபீஸ் போர்மேன் இரண்டு முறை வந்து போயிருந்தார்.

ஆனால் அண்ணன் ஓடுவான். சும்மா ஓடுவதில்லை. மைல் ஓட்டம், நாலு சுற்று. கடைசிச் சுற்றில் மற்றவர்களுக்கு நாக்குத் தள்ளும்போது இவன் அப்போதுதான் தொடங்கியவன் மாதிரி ஓடுவான். இதை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பெரிய சாமியாரின் உதவிக்குப் புதிதாக வந்த சின்ன சாமியார்.

பெரிய சாமியார் பூசை வைப்பார், பாவங்களை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனம் கேட்பார், கோபப்படுவார். எங்களுக்கு அது பழகியிருந்தது. சின்ன சாமியார் அங்கியை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிள் மிதித்தது பழகவில்லை. விடிந்ததும் அண்ணனோடு சேர்த்து ஓடுகிற பையன்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சூலக்கரை ரோட்டில் போவார். அவர்கள் ஓடுவார்கள், இவர் பக்கத்தில் சைக்கிளில் வருவார். கையில் கடிகாரம், கழுத்தில் விசில், பையில் செபமாலை. ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொருவன் நெற்றியிலும் சிலுவை வரைவார். "ஜெயிக்கணும்னு வேண்டாதிய லே. கூட ஓடுதவனையும் அவருதான் படைச்சாரு. அவரை ஏன் சங்கடத்துல மாட்டி விடுதிய?" என்பாராம். ஊர்ப் பெரியவர்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. சாமியாருக்கு விசில் எதற்கு என்று கேட்டார்கள்.

வீட்டில் வாயே திறக்காத அண்ணன் அவரிடம் பேசினான். திரும்பி வரும்போது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, இவன் கூடவே நடந்து பேசிக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி என்ன பேசினான் என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. இப்போது கேட்கலாமென்றால் அவன் இல்லை.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தபசு காலத்தில்தான் விருதுநகரில் பெரிய போட்டி வந்தது, ஒரு சனிக்கிழமை. கல்லூரியிலிருந்து விளையாட்டு வாத்தியார் ஒருவர் பார்க்க வருவதாகவும், முதல் மூன்று பேருக்குள் வந்தால் அண்ணனுக்குப் படிப்பும் ஆஸ்டல் சாப்பாடும் இலவசம் என்றும் சின்ன சாமியார் பேசி வைத்திருந்தார். அம்மா ஒட்டிய பெட்டிகளின் மேல் கையை வைத்துக்கொண்டு, "மூணுக்குள்ள வந்தாப் போதுமா சாமி?" என்று நாலு தடவை கேட்டாள்.

ஆனால் தபசு காலத்தில் எங்கள் வீட்டில் நாற்பது நாளும் கறி, முட்டை, பால் எதுவும் கிடையாது. திருச்சபை வெள்ளிக்கிழமை மட்டும் கறி வேண்டாமென்றால் அம்மா மற்ற நாட்களையும் சேர்த்துக்கொள்வாள். கம்பங்கூழைக் குடித்துவிட்டு ஓடிய அண்ணன், போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது ரோட்டில் மயங்கி விழுந்தான். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு அப்போது தெரியாது. சின்ன சாமியார் அவனுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். தினம் இரண்டு முட்டை, போட்டிக்கு முந்தின நாள் ஆட்டுக்கால் சூப்பு. அந்த நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் பாவமில்லை என்றார். ஊருக்குத் தெரிந்தால் துர்மாதிரிகை, சாமியாரே கெட்ட வழி காட்டுகிறார் என்பார்கள், அதனால் வெளியே சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா கொடுத்த முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு சாமியார் வீட்டுச் சமையல்கட்டான குசினிக்குப் போனேன். வாசலிலேயே கறி வாசம். உள்ளே அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து கிண்ணத்தோடு சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைண்ணே."

"தெரியும் புள்ள. சாமி விலக்கு குடுத்திருக்காக. வீட்டுல போயி சொல்லிராத."

விலக்கு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? ஏவாள் தின்றது விலக்கப்பட்ட கனி. ஆண்டவர் விலக்கியதை அவள் தின்றாள், ஆதாமுக்கும் கொடுத்தாள், இருவரும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். முந்தின நாள்தான் அதை ஒப்பித்து உபதேசியாரிடம் சபாஷ் வாங்கியிருந்தேன். சாமி விலக்கியிருக்கிறார், அண்ணன் குடிக்கிறான், வீட்டில் சொல்லாதே என்கிறான். போன வாரம் ரோட்டில் விழுந்தவன் நாளைக்கும் விழுந்து செத்துப்போனால்? சாவான பாவத்தோடு செத்தவன் எங்கே போவான் என்று எனக்குப் படத்தோடு தெரியும். உபதேசியார் வைத்திருந்த படத்தில் இருந்த ஒருவனுக்கு அண்ணனின் சாயல் வேறு இருந்தது.

அழுதுகொண்டே ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். கோள் மூட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லை. அவனைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் ஓடினேன்.

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அம்மா பசைக் கையோடு எழுந்தாள்.

"கறிச்சாறு குடிச்சியாலே?"

"ஆமாம்மா. சாமிதான் விலக்கு குடுத்தாக."

"செய்யுறதையும் செஞ்சிட்டு சாமி மேலயா பழி போடுத? தபசு காலத்து வெள்ளிக்கிழமையில கறி தின்னச் சொல்லுவாகளாக்கும்?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ஏ புள்ள, உங்கிட்ட இவன் என்ன சொன்னான்? பொய் சொன்னா ஒனக்குப் புது நன்மை கிடையாது, பாத்துக்க."

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "சாமி விலக்கியிருக்காகன்னு சொன்னான்மா. வீட்டுல சொல்லாதன்னும் சொன்னான்" என்றேன்.

அண்ணனுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. "விலக்கல மா, விலக்கு. ஏ புள்ள, ஒழுங்காச் சொல்லு. விலக்கு குடுத்தாகன்னுதான சொன்னேன்?" என்றான். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. "ஆமா, விலக்கிட்டாக" என்றேன். அவன் விளக்க விளக்க அம்மாவுக்கு அது திருட்டுக்கு மேல் புரட்டாகத் தெரிந்தது. யாரையாவது கேட்கலாமென்றால் சின்ன சாமியார் காலையிலேயே விருதுநகர் போய்விட்டார். பெரிய சாமியார் கிளைக் கிராமத்துக்குச் சிலுவைப்பாதைக்காகப் போயிருந்தார், சனிக்கிழமை பொழுது சாய்ந்துதான் வருவார். குசினிக்காரரும் பாத்திரம் பண்டத்தோடு அவர் வண்டியில் ஏறிப் போயிருந்தார்.

அம்மா செபமாலையை எடுத்து நீட்டினாள். "பெரிய சாமி வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணுற வரைக்கும் பச்சத்தண்ணி தவிர எதுவும் பல்லுல படாதுன்னு சத்தியம் பண்ணு. இல்லேன்னா ஓடப் போகாத." அண்ணன் என்னைப் பார்த்தான். இன்னும் ஒரு முறை நான் வாயைத் திறப்பேனா என்று பார்த்தான் போலிருக்கிறது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் செபமாலையைத் தொட்டுச் சத்தியம் செய்தான்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு முதல் பஸ்ஸுக்குப் போனான். கையில் துணிப்பை, பைக்குள் சின்ன சாமியார் யாரிடமோ கேட்டு வாங்கித் தந்த வெள்ளைக் கான்வாஸ் ஷூ. அம்மா அன்று பெட்டி ஒட்டவில்லை. அவளும் பட்டினிதான்.

மைதானத்தில் நடந்ததை, கூட ஓடப்போன அத்தை மகன் பிறகு சொன்னான். அண்ணனின் முகத்தைப் பார்த்ததுமே சின்ன சாமியாருக்குச் சந்தேகம் வந்து, வாழைப்பழத்தையும் குளுக்கோஸையும் எடுத்து வந்திருக்கிறார். சத்தியம் செய்திருக்கிறேன் என்றிருக்கிறான் இவன். விஷயத்தைக் கேட்டதும் அவர், "அந்தச் சத்தியத்துக்கும் நானே விலக்கு தாரேன், தின்னுலே" என்று கெஞ்சியிருக்கிறார்.

"நீங்க குடுத்த விலக்கு போதும் சாமி."

மூன்று சுற்று முதல் ஆளாக ஓடினானாம். நாலாவது சுற்றின் பாதியில் கோட்டிலிருந்து விலகி, முழங்காலைக் கட்டிக்கொண்டு புழுதியில் உட்கார்ந்துவிட்டான். சின்ன சாமியார் அங்கியோடு மைதானத்துக்குள் ஓடிப்போய் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கல்லூரி வாத்தியார் அடுத்த போட்டியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் சின்ன சாமியாரே அவனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "நான்தாம்மா குடுத்தேன். முடியாதவங்களுக்கு அந்தச் சட்டம் வேண்டாம்னு சொல்ல எங்களுக்கு அதிகாரம் உண்டு. அதுக்குப் பேருதான் விலக்கு" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பெத்த புள்ள வயித்துல நானே அடிச்சிட்டேனே சாமி!" கஞ்சியை ஊற்றி அண்ணன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை. பெரிய சாமியார் வந்து, பாவசங்கீர்த்தனம் முடிந்து, பிறகுதான் குடித்தான். அவனிடம் அப்படி ஒரு பிடிவாதம் இருந்தது.

சின்ன சாமியார் என்னைக் கூப்பிட்டு, விலக்கு என்றால் என்னம்மா என்று கேட்டார். ஏவாளையும் கனியையும் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஒப்பித்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "புள்ள மேல தப்பில்ல. நல்லதை ஒளிச்சுச் செஞ்சேன் பாருங்க, அது என் தப்பு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். சபாஷ் சொல்லவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

பரீட்சை முடிந்த திங்கட்கிழமை அண்ணன் பட்டாசு ஆபீஸில் சேர்ந்தான். அடுத்த வருஷமும் போட்டி வரும், ஓடலாம் என்று சின்ன சாமியார் இரண்டு முறை சைக்கிளில் வந்து கூப்பிட்டார். இவன் எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டான், போகவில்லை. ஐப்பசி மழைக்கு முன்பே அவரை வேறு பங்குக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் ஏற்றிவிட மற்ற மூன்று பையன்களும் போனார்கள். அண்ணனுக்கு அன்று லோடு ஏற்றுகிற வேலை.

அதற்கெல்லாம் முன்னால், பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடிந்து என் புது நன்மை வந்தது. அம்மா எப்படியோ வெள்ளைக் கவுன் தைத்துவிட்டாள், ஷூவுக்கு வழியில்லை. முந்தின நாள் அண்ணன் தன் கான்வாஸ் ஷூவைக் கழுவி, சாக்பீஸைக் குழைத்துப் பூசி, முன்பக்கத்தில் பழந்துணியை அடைத்து என் காலில் மாட்டிவிட்டான்.

"ஒனக்கு வேண்டாமாண்ணே?"

"பட்டாசு ஆபீசுல வெடிமருந்து கிடக்குற எடத்துல செருப்புப் போடக் கூடாதாம் புள்ள. உரசுனா பொறி வந்துரும். வெறுங்காலுதான். எனக்கு இனிமே எதுக்கு?"

நரகத்திலிருந்து அவனைக் காப்பாற்றியதற்கு அவன் எனக்குத் தருகிற பரிசு அது என்றே நினைத்தேன். மறுநாள் டப்பு டப்பென்று சத்தம் வரக் கோயிலுக்குள் நடந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நன்மை வாங்கித் திரும்பும்போது வாசல் நிலையில் சாய்ந்து அண்ணன் நின்றிருந்தான். வெறுங்கால். குனிந்து என் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைத்தான் பார்க்கிறான் என்று நினைத்து நான் சிரித்தேன்.