கோழி செத்த வீட்டுக்கு ஒரு பகல் பயணம்

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பொய் அறிக்கை எழுதினேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே எழுதினேன். அப்போது நான் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் கால்நடை மருத்துவர். ஒரு கிராமத்தில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து கோழி வளர்க்கும் குழு வைத்திருந்தார்கள். பொரிப்பகத்திலிருந்து வரும் ஒரு நாள் குஞ்சுகளை ஒரு மாதம் வளர்த்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர்களில் லூர்து மேரி என்பவரின் வேலை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நோய் அண்டாத தன் பெரிய கோழிகளின் கொட்டகையிலிருந்து, எச்சம் கலந்து உலர்ந்த நெல் உமியை இரண்டு கை அள்ளி வந்து புதுக் குஞ்சுகளின் அடியில் தூவுவார். அதைப் பார்த்த நான், "ஏம்மா, பீயைத் தின்னவா குஞ்சு குடுத்தோம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். கூளம் முழுவதையும் எரிக்கச் சொன்னேன். தரையைக் கிருமிநாசினியால் கழுவ வைத்தேன். நன்றாக இருந்த குஞ்சுகளுக்கு, முன்னெச்சரிக்கை என்று, ஐந்து நாள் தண்ணீரில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலந்து கொடுக்கச் சொன்னேன். எட்டாம் நாள் குஞ்சுகள் சாகத் தொடங்கின. முந்நூறில் நாற்பது மிஞ்சின.

செத்தவற்றை அறுத்துப் பார்த்தவன் நான்தான். கோழியின் குடல் முடியும் இடத்தருகே இரண்டு நீண்ட பைகள் உண்டு, குருட்டுக்குடல்கள் என்போம். நல்ல நுண்ணுயிர்கள் பெருங்கூட்டமாகக் குடியிருப்பது அங்கேதான். கோழியால் செரிக்க முடியாத நாரை அவை புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் குடல் சுவருக்கு உணவாகிறது. கெட்ட கிருமிகளைப் பெருக விடாமலும் தடுக்கிறது. தாய்க்கோழியின் அடியில் பொரித்த குஞ்சு, தாயின் எச்சத்தைக் கொத்தி முதல் நாளே இவற்றைப் பெற்றுவிடும். இயந்திரத்தில் பொரித்த குஞ்சு கிட்டத்தட்ட வெறும் குடலோடு வருகிறது. லூர்து மேரியின் இரண்டு கை உமி தாய்க்கோழியின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதை நான் எரித்துவிட்டு, குஞ்சின் வயிற்றில் மிச்சமிருந்ததையும் மருந்தால் அழித்துவிட்டேன். வீங்கிச் சிவந்திருந்த குருட்டுக்குடல்களைப் பார்த்தபோது இது எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான், "வளர்ப்பவரின் சுகாதாரக் குறைவு" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். குழு அதற்குப் பின் அவரிடம் ஒரு குஞ்சும் கொடுக்கவில்லை.

இப்போது எனக்கு எழுபத்தாறு வயது. வசிப்பது சென்னையில். குழுவின் இன்றைய தலைவி தமிழ்ச்செல்வியின் எண் கிடைத்து, வர விரும்புவதாகச் சொன்னேன். "செவ்வாக்கெழம வாங்க சார். புதுக் குஞ்சு எறங்குது, எல்லாரும் இருப்போம்" என்றார். லூர்து மேரியிடம் தொலைபேசி இல்லை. சொல்லாமலே புறப்பட்டேன்.

மாசி மாதம். காலை 7.20, தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையம். பட்டுக்கோட்டைக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு கடிதம். கைப்பையில் மருந்துக் கடையில் வாங்கிய நல்ல நுண்ணுயிர்ப் பொடி, பாக்கெட் 240 ரூபாய் வீதம் நான்கு. நகரம் முடிந்ததும் அறுவடையான சம்பா வயல்கள். அறுத்த தாள்களுக்கிடையில் உளுந்து தலைகாட்டியிருந்தது. வைக்கோலை உருளைக் கட்டுகளாகக் கட்டி வரப்போரம் போட்டிருந்தார்கள். கல்லணைக் கால்வாயான புது ஆற்றில் தண்ணீர் இல்லை, ஆடுகள் நின்றன.

8.15, ஒரத்தநாடு தாண்டிச் சாலையின் பாதியில் நெல் காய்ந்தது. ஓட்டுநர் அதன் ஓரமாக மெல்ல ஒதுக்கினார்.

"ஏத்துங்கண்ணே மேல, அரிசியாப் பொறுக்கிக்கட்டும்" என்றார் நடத்துநர்.

"நீ எறங்கிப் போய் அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வா. வெளக்குமாத்தோட நிக்குது பாரு."

நடத்துநர் இறங்கவில்லை.

9.05, பட்டுக்கோட்டை. ஒரு டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். கிராமம் ஏழு கிலோமீட்டர். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று லூர்து மேரி பின்னர் கேட்டுக்கொண்டார். ஆட்டோக்காரருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். லூர்து மேரி வீடு என்றேன், தெரியவில்லை. மாதா கோயிலுக்குப் பின் தெரு, முன்பு கோழி வளர்த்தவர் என்றேன்.

"அட, கோழி செத்த வீடா? அப்படிச் சொல்லுங்க சார். நூத்தி அறுவது குடுங்க."

அந்தக் கோழிகள் செத்தபோது இவர் பள்ளிச் சிறுவனாக இருந்திருப்பார். வழியெல்லாம் தென்னந்தோப்பு.

9.50. ஓட்டு வீடு, பின்னால் தென்னை மரங்களுக்கு நடுவில் இரண்டு சிறிய கொட்டகைகள். முப்பது நாட்டுக்கோழிகள் இருக்கும். லூர்து மேரி முறத்தில் குருணை வைத்துக்கொண்டு நின்றார். நான் பெயரைச் சொல்வதற்குள், "டாக்டர்தானே?" என்றார். "எளச்சிட்டீங்க. உக்காருங்க."

பொடிப் பாக்கெட்டுகளை நீட்டினேன்.

"என்ன மருந்து இது?"

"மருந்து இல்லைங்க. குடல்ல இருக்கவேண்டிய நல்ல நுண்ணுயிர். தண்ணியில கலந்து குஞ்சுக்குக் குடுக்கணும்."

"அது எங்கேருந்து எடுக்குறாங்க?"

"இதுல சிலது கோழிக் குடல்லேருந்தே எடுத்து வளக்குறதுதான்."

அவர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் அள்ளிப் போட்டா பீ, பாக்கெட்ல வந்தா பொடி."

அவர் சிரிக்கவில்லை. "நாத்த நெருக்கமா நட்டா கோரைக்கு எடம் ஏது டாக்டர்? வயித்துக்குள்ளயும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். அன்னிக்கு வாய் வரல."

கடிதத்தைக் கொடுத்தேன். குழுவின் முன் படிக்க எழுதியிருந்தேன். அவர் கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"'அந்த அறிக்கை அறியாமையால் நேர்ந்த பிழை'ன்னு எழுதியிருக்கீங்க. குஞ்ச அறுத்தப்ப நான் பக்கத்துல நின்னேன். ஒங்க மூஞ்சியப் பாத்தேன். ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சுது."

"பின்ன எதுக்கு இது?"

மன்னிப்புக் கேட்க எண்ணூறு கிலோமீட்டர் போய்வரத் துணிந்தவன், அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்திருக்கிறேன். பேனாவை எடுத்து "அறியாமையால் நேர்ந்த" என்பதை அடித்துவிட்டு, மேலே "தெரிந்தே செய்த" என்று எழுதினேன். வரிக்கு மேல் இடமில்லாததால் எழுத்து நெருங்கிக் கிறுக்கலாக வந்தது. "படிக்கிற மாதிரி எழுதுங்க" என்றார். மறுபடி எழுதினேன்.

மாலை 3.30, தமிழ்ச்செல்வியின் வீட்டு முற்றம். நூற்றைம்பது குஞ்சுகள் மின்விளக்கின் சூட்டில் கத்திக்கொண்டிருந்தன. தண்ணீர்த் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துப் பாட்டில் தயாராக இருந்தது. அதே வகை மருந்து.

"நீங்க சொன்னதுதான் சார்" என்றார் தமிழ்ச்செல்வி. "அன்னிலேர்ந்து ஒவ்வொரு தடவையும் மொத அஞ்சு நாளு இதக் குடுக்காம விடுறதில்ல."

என் ஒரு வேலை இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. கடிதத்தை நின்றபடி படித்தேன். என்னோடு வந்த லூர்து மேரி வேலியோரம் நின்றார். முடித்ததும் ஓர் அம்மாள் கேட்டார்: "சார், பாட்டில இன்னும் ஒடைக்கல. கடையில திருப்பி எடுத்துப்பாங்களா?"

"நோய் வந்தா, டாக்டர் பாத்துச் சொன்னா மட்டும்தாங்க மருந்து" என்றேன். அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

"அப்ப இதுங்களுக்கு என்ன பண்றது?" என்று கேட்ட தமிழ்ச்செல்வி என் பக்கம் திரும்பவில்லை. "அக்கா, ஒங்க கொட்டாய்ல உமி இருக்குமா?"

லூர்து மேரியிடம் இந்த முற்றத்தில் ஒருவர் ஒரு விஷயம் கேட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. "பின் கொட்டாய்ல ஒரு வருசமா ஒரு கோழி சாகல, தூங்கி விழல. அதுல காஞ்சதா மட்டும் எடுக்கலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மொறத்தப் புடிங்க டாக்டர்" என்றார்.

நான் முறத்தைப் பிடித்து அவர் பின்னால் அவருடைய கொட்டகைக்கு நடந்தேன். அவர் மூலை மூலையாகக் கிளறி, ஈரமானதை ஒதுக்கி, பொடிந்ததை மட்டும் அள்ளிப் போட்டார். திரும்பி வந்ததும் என்னையே தூவச் சொன்னார். இரண்டு கை தூவினேன். குஞ்சுகள் ஓடிவந்து கொத்தின. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

5.10. அதே ஆட்டோ. "கோழி செத்த வீட்டுல வேல முடிஞ்சுதா சார்?"

"தம்பி, அந்தக் கோழியெல்லாம் செத்தது என்னால. நான் கோழி டாக்டர். அந்தம்மா மேல தப்பு இல்ல."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அப்படியா சார்" என்றார். ஊர்க்காரர்களிடமும் சொல்லுங்கள் என்றேன். சரி என்றார்.

சென்னை வீட்டில் தினமும் இரண்டு வேளை கிருமிநாசினி ஊற்றித் தரை துடைக்கிறார்கள். முன்பு அந்த வாடை எனக்குப் பிடிக்கும். இப்போது அது வரும்போது முறத்தின் கனம் கையில் தெரிகிறது.

ஒரு மாதம் கழித்துத் தமிழ்ச்செல்வியின் தொலைபேசியிலிருந்து லூர்து மேரி பேசினார். நூற்றைம்பதில் நான்கு போயின. அதில் ஒன்று கீரி தூக்கியது. குழு மறுபடி அவரையே குஞ்சு வளர்க்கச் சொல்லியிருக்கிறது. முட்டி வலி, இனி முடியாது என்று சொல்லிவிட்டாராம். உமி மட்டும் கொடுக்கிறாராம்.

"இன்னொண்ணு டாக்டர். அந்த ஆட்டோக்காரப் பய ஊரெல்லாம் சொல்லிட்டான். இப்ப எங்க வீட்ட 'கோழி டாக்டர் வந்த வீடு'ங்குறாங்க."

"நல்லதுதானேங்க?"

"என்ன நல்லது? பழைய பேர்ல கோழியாவது இருந்துச்சு. இதுல நீங்கல்ல இருக்கீங்க."