அம்மாவும் அரை பாட்டில் போர்டோவும்

அப்பா போன பிறகு எங்கள் கீரப்பாளையம் வீட்டுக்கு பாட்டில் என்று ஒன்று வந்ததே இல்லை.

நேற்று வந்தது. கொண்டுவந்தது நான்தான்!

(கல்லைக் கீழே போடுங்கள், முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.)

கடலூர் பீச் பக்கம் ஒரு ரிசார்ட்டில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். ஒயின் பரிமாறும் பொறுப்பு காலியானது, நான் கேட்டேன். அதற்கு ஒரு டெஸ்ட் உண்டு. பிரெஞ்சு ரெட் ஒயினைச் சுவைத்து, அது எப்படிப்பட்டது என்று மேனேஜர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பழகிக்கொள் என்று அவரே போர்டோ என்கிற பிரெஞ்சு ஒயினில் அரை பாட்டில் கொடுத்து அனுப்பினார்.

அப்பாவைக் கொண்டுபோனது குடிதான். அதனால் விஷயத்தைச் சொன்னதும் அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"அந்த வேலைக்குத்தான் போவேன்னா இந்தப் பக்கமே வராத."

"நான் டேஸ்ட் பண்றத ஒரே ஒரு தடவ பாத்துட்டு சொல்லும்மா. உனுக்குப் புடிக்கலன்னா வேலையே வேணாம், வுட்டுடுறேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு இந்த வேலை அவ்வளவு பிடிக்கும்!

பார்க்கச் சம்மதித்தார், ஆனால் வீட்டுக்குள் கூடாது என்பது உத்தரவு. கொல்லைப்புறத்தில், துணி துவைக்கும் கல்லின் மேல் கடை விரித்தேன். அம்மா தள்ளி நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்த நாற்றத்தோடு அவர் பட்டது கொஞ்சமா நஞ்சமா!

அந்த நேரம் பார்த்து குமராட்சியிலிருந்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. (மோப்பம் பிடித்தே மினிபஸ் ஏறியிருப்பார் என்பது என் சந்தேகம்.)

"பாப்பா, சுண்டல் கிண்டல் எதாச்சும் வெச்சிருக்கியா?"

"மாமா, இது படிப்பு!"

"எங்க காலத்துல இந்தப் படிப்பு இல்லாம பூடுச்சே!"

நான் கிளாஸை ஒரு வெள்ளைத் துண்டின் மேல் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் கறுத்த சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். கொஞ்சம் வயதான ஒயின் அப்படித்தான் இருக்கும். சுழற்றிவிட்டு மூக்கை உள்ளே விட்டேன். முதலில் நாவல்பழம். அப்புறம் அப்போதுதான் சீவிய பென்சில். அடியில் லேசாக ஈரமண்.

ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டினேன். இதமான புளிப்பு. பிறகு ஈறையெல்லாம் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. அது மெல்ல அடங்கியதும் பழ வாசனை மட்டும் வாயிலேயே நின்றது. அடேயப்பா, என்ன ஒயின்!

வாழைமரத்தடியில் துப்பினேன்.

"அடிப்பாவி! ஃபாரின் சரக்கப் போயி மண்ணுல துப்புறியே!" மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாவின் முந்தானை இறங்கியது.

"என்னாடி பண்ண இப்ப?"

"துப்புனேம்மா."

"ஏன், நல்லால்லியா?"

"ரொம்ப நல்லாருக்கு. ஆனா டேஸ்ட் பாக்கும்போது முழுங்கக் கூடாது. இந்த வேலைல எல்லாருமே துப்பிடுவாங்க. முழுங்கினா போதை ஏறிடும், அப்பறம் நாக்கு சொல்றத நம்ப முடியாது."

"இன்னொரு தடவ பண்ணு."

பண்ணினேன். துப்பினேன்.

அம்மா பக்கத்தில் வந்தார். "உள்ள போவலியே? வாயத் தொற பாப்போம்."

திறந்து காட்டினேன். (எனக்கு இருபத்தாறு வயது, மக்களே!)

உள்ளே போனவர் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டோடு வந்தார். "மரத்துல துப்பாத. இதுல துப்பு." பக்கெட்டை என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் துப்பத் துப்ப, குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டார்.

"யக்கா, அந்த பக்கெட்ட இப்டி குடேன்" என்றார் மாமா.

"செருப்பு பிஞ்சிரும்!"

சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல் திடீரென்று உடைந்தது.

"இத்தினி வருசத்துல, வாயில ஊத்துனத ஒருத்தரு வெளிய துப்பி நான் பாத்ததே இல்லடி. உங்கப்பாவுக்கு இத யாராச்சும் சொல்லிக் குடுத்துருக்கக் கூடாதா?"

நானும் அழுதுவிட்டேன். மாமா நகர்ந்து போய், கொல்லை மூலையில் ஓடாமல் கிடந்த தண்ணீர் மோட்டாரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று டெஸ்ட் முடிந்தது. ரிசல்ட் நாளைக்குத்தானாம். வெளியே வந்து போனை எடுத்தால் அம்மாவிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். கூப்பிட்டேன். கஷ்டமா, ஈஸியா, மேனேஜர் என்ன சொன்னார், ஒன்றுமே கேட்கவில்லை.

"துப்புனியா?"

"துப்புனேம்மா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்ப நீ பாஸுடி. அவுங்க என்னா சொல்றது!"