செபஸ்தியார் எந்த டிவிஷன்?

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசரகாலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்து, போனாலும் வந்தாலும் சோதனை போட்டார்கள். அந்த வருடங்களில் ஜீப் சத்தம் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். வந்து என்ன செய்யப் போகிறேன்? ஒன்றுமில்லை. ஜீப் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பேன். எங்கள் பக்கம் இல்லையென்றால், யார் பக்கமோ என்று அடுத்த கவலை தொடங்கும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த பாதுகாவலர் செபஸ்தியார். பயமே தெரியாதவர். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான்; அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கோயில் பிரசங்கத்திலும் அம்மா வாயிலும் கேட்டதுதான். ரோமாபுரி ராஜாவின் படையில் அவர் பெரிய சிப்பாய். வேதத்துக்காகச் சிறையில் கிடந்தவர்களை ரகசியமாகப் போய்ப் பார்த்துத் தைரியம் சொல்வார். அது தெரிந்துபோய், மரத்தில் கட்டி அம்பு விட்டார்கள். செத்துவிட்டார் என்று விட்டுப் போனார்கள். அடக்கம் செய்ய வந்த ஒரு விதவை, மூச்சு இருப்பதைப் பார்த்து வீட்டுக்குத் தூக்கிப் போய்ப் பிழைக்க வைத்தாள். பிழைத்தவர் ஓடிப் போகவில்லை. ராஜாவின் முன்னால் போய் நின்று, நீ செய்வது அநியாயம் என்றார். இந்தத் தடவை தடியால் அடித்தே கொன்றார்கள்.

அந்தக் கடைசிப் பகுதி எனக்கு ஆகாது. யாருக்குக் கதை சொன்னாலும், விதவை கஞ்சி ஊட்டி அவர் எழுந்து உட்காருகிற இடத்தில் நிறுத்திவிடுவேன்.

என் மகள் அம்மை கண்டு கண் திறக்காமல் கிடந்தபோது, பிழைத்தால் திருநாளுக்குத் திருநாள் தகரத்தில் அம்பு செய்து வைப்பதாக அவரிடம் பொருத்தனை செய்திருந்தேன். பிழைத்தாள். அம்புகளை வெட்டித் தருபவர் பக்கத்து வீட்டு அண்ணன். பேக்டரியில் டீப் பெட்டி அடிப்பவர். பெட்டி விளிம்புக்கு அடிக்கிற தகரப் பட்டையில் மிஞ்சும் துண்டுகளை விரல் நீள அம்புகளாக வெட்டி, முனையைத் தேய்த்துக் கொடுப்பார். முருக பக்தர். “ஒங்க சாமிக்கு அம்பு, எங்க சாமிக்கு வேலு. எல்லாம் ஒரே பட்டறைதான் தங்கச்சி” என்று சிரிப்பார். நான் சொல்லும் கதையைப் புதிதாகக் கேட்பதுபோல ஒவ்வொரு வருடமும் கேட்பார்.

அப்படி ஒரு வருடம் திருநாளுக்கு முன்பு ஒரு சாயங்காலம், அண்ணனின் மனைவி சேலையைக் கூடச் சரியாகச் செருகாமல் ஓடிவந்தாள்.

“அவுகள டவுன் ஸ்டேஷனுக்கு ஏத்திட்டுப் போயிட்டாங்க. கேட்டுல பையத் தடவிப் பாத்தப்ப ஒன் அம்பு கெடச்சிருக்கு.”

கேட்டில் நின்றவன் புதிதாக வந்த மலாய்க் காவலன். தகர அம்பைக் காட்டுப் பாதையில் வழி காட்டுவதற்கு வைத்திருப்பதாக நினைத்திருக்கிறான். காட்டில் ஒளிந்திருந்த பிந்தாங் தீகா என்ற கம்யூனிஸ்ட் ஆட்களுக்கு யாராவது அரிசியோ சேதியோ கொண்டு போகிறார்களா என்று பார்ப்பதற்குத்தானே அந்தச் சோதனை. யாருக்கு இது என்று கேட்டிருக்கிறான். அண்ணன் உள்ளதைச் சொன்னார்: செபஸ்தியாருக்கு.

“செபஸ்தியார் யாரு? எந்த டிவிஷன்?” தோட்டத்தில் எந்தப் பிரிவு ஆள் என்று கேட்டிருக்கிறான்.

அண்ணனுக்குத் தெரிந்த மலாய், சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு என் கதையைச் சொல்லியிருக்கிறார். அம்புக்கு மலாயில் என்ன வார்த்தை என்று தெரியவில்லை. ‘கெனா தெம்பாக்’ என்றாராம். சுடப்பட்டார் என்று அர்த்தம். பராமரித்தாள் என்பதற்கும் வார்த்தை அகப்படவில்லை. ‘சிம்பான்’ என்று சொல்லிவிட்டார். அது ஒரு பொருளை எடுத்துப் பத்திரப்படுத்தி வைப்பதற்கான வார்த்தை. ஆக அந்தக் காவலன் கேட்டது இதுதான்: செபஸ்தியார் ராணுவத்தில் இருந்தவர், சுட்டார்கள், சாகவில்லை, ஒரு பொம்பளை ஒளித்து வைத்திருக்கிறாள்.

கேட்டில் கூட நின்றவர்கள் சொன்னதாக இதைச் சொல்லி முடித்த அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொம்பளை யார் என்று அவர்கள் அடுத்து கேட்பார்களே, நான் என்று முடிவு செய்துவிட்டால்?

அதைவிடப் பெரிய கவலை என் வீட்டுக்காரர். அதற்கு முந்தைய வருடம் ஆண்களை எல்லாம் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, காட்டு ஆட்களுக்கு உதவியவர்களை அடையாளம் காட்ட முகமூடி போட்டு உட்காரவைத்த ஒருவனுக்கு முன்னால் நடக்க வைத்தார்கள். அவன் இவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டான். ஏன் ஆட்டினான் என்று இன்றுவரை தெரியாது. கொண்டுபோய் அடைத்துவைத்து, எஸ்டேட் துரை வந்து பேசிய பிறகு விட்டார்கள். விடும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார்கள்: இன்னொரு தடவை பேர் வந்தால் இந்தியாவுக்குக் கப்பல். நான் பிறந்ததே இந்த மலையில்.

வேலை முடிந்து வந்தவர் நடந்ததைக் கேட்டுவிட்டு, தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“காலையில போயி சொல்லிட்டு வந்துடறேன். அம்பு நம்மளதுதானே.”

“நீங்க போவாதீங்க. ஒங்க பேரு அங்க ஏற்கனவே கெடக்கு. நான் போறேன்.”

“ஜீப்பப் பாத்தாலே ஒனக்குக் கை நடுங்குது. அங்க போயி என்னத்தப் பேசுவ?”

“நடுங்கிக்கிட்டே பேசறேன். தப்பிச்சு வந்த ஆளு எதுக்குங்க திரும்பப் போவணும்? கப்பல்னு சொன்னாங்களே, மறந்துபோச்சா?”

“மறக்கலே” என்றார். “உள்ள இருந்தா சன்னலயே பாத்துக்கிட்டு இருக்கத் தோணும். நமக்காவ யாராச்சும் வருவாங்களான்னு. அது ஒனக்குத் தெரியாது” என்றார்.

ஆனாலும் நான் விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். கடைசியில், “ரெண்டு பேருமாப் போவோம்லா, வாயக் கட்டு” என்றார்.

காலையில் சுவரிலிருந்து செபஸ்தியார் படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டேன். ஸ்டேஷனில் மலாய் சார்ஜன் மேசைக்குப் பின்னால் இருந்தார். மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் காவலர். சுவரோரப் பெஞ்சில் அண்ணன். சட்டைப் பொத்தான் தப்புத் தப்பாகப் போட்டிருந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் எழப்போனார். உட்காரச் சொல்லி அதட்டினார்கள்.

“அம்பு எங்களுது. இவர வெட்டித் தரச் சொன்னது நாங்கதான்” என்றார் என் வீட்டுக்காரர். குரல் நேராக இருந்தது. கைகள் மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன. நான் பின்னால் நின்றதால் பார்த்தேன். அவரைப் பயமில்லாதவர் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நான் படத்தை மேசைமேல் வைத்தேன். “இவருதாங்க செபஸ்தியார்.”

சார்ஜன் படத்தைப் பார்த்தார். உடம்பெல்லாம் அம்பு. ஏதோ கேட்டார்.

“படத்துல இருக்கறவன் சாகலேன்னு ஒங்க ஆளு சொல்லியிருக்கான். ஒளிஞ்சி இருக்கானாமே, எங்கன்னு கேக்கறாரு” என்றார் தமிழ்க் காவலர்.

மோட்சத்தில் என்று சொன்னால் விளையாடுகிறேன் என்பார்கள். வேறு வழியில்லாமல், எனக்கு ஆகாத அந்தப் பகுதியைச் சொன்னேன்.

“அப்பப் பொழச்சாருங்க. பொறவு செத்துட்டாரு. ராசாகிட்டத் திரும்பப் போயி நின்னாரு. தடியால அடிச்சே கொன்னுட்டாங்க. இது நடந்து ஆயிரம் வருசத்துக்கு மேல ஆவுதுங்க.”

“என்னது! செத்துட்டாரா?”

பெஞ்சிலிருந்து அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். காவலர் அதட்டியதுகூட அவர் காதில் விழவில்லை.

“தங்கச்சி, பொழச்சிக்கிட்டாருன்னுல்ல சொன்ன? கஞ்சி குடிச்சாருன்ன?”

“குடிச்சாருண்ணே. அதுக்கப்புறம்...”

“அடிச்சா கொன்னாங்க? அம்புலயே சாவாத மனுசனையா?”

அவர் முகம் இழவு சேதி கேட்ட முகமாக இருந்தது. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். தமிழ்க் காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சார்ஜனுக்கு எடுத்துச் சொன்னார். சார்ஜன் சிரிக்கவில்லை. அண்ணனையே ரொம்ப நேரம் பார்த்தார். இப்படி ஒரு துக்கத்தை யாரும் நடிக்க முடியாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அம்புகளை மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு கையை வாசல் பக்கம் காட்டினார்.

பேரை எழுதிய அந்தக் கை பல வருடம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கப்பல் வரவில்லை. வரவில்லை என்று தெரிந்துகொள்ள அவசரகாலம் முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

பெர்த்தாம் பக்கத்துக் காய்கறி லோரி ஒன்றில் இடம் கிடைத்து, முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் மூன்று பேரும் உட்கார்ந்து வந்தோம். சாரல் அடித்தது. எனக்கு அண்ணனை மீட்ட நிம்மதியே வரவில்லை; அந்தப் பேர்தான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அண்ணன் என்னைப் பார்த்துக் கோபமாகக் கேட்டார்.

“அந்தப் பொம்பள அவ்வளவு பாடுபட்டுப் பொழைக்க வச்சா. பேசாம வேற ஊருக்கு ஓடியிருக்கலாம்லா? எவன் கேக்கப் போறான்? எதுக்குத் திரும்பிப் போனாரு?”

என் கேள்வி அது. எத்தனையோ திருநாளாக நான் படத்தைப் பார்த்துக் கேட்டது. ஆமாண்ணே என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணனுக்குச் சாரல் படாமல் மறைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

“தெரிஞ்சவங்க யாராச்சும் இன்னும் செறைக்குள்ள இருந்திருப்பாங்கண்ணே” என்றேன்.

“அதுக்குன்னு...” என்று ஆரம்பித்தவர், பக்கத்தில் நனைந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் கையைப் பிடித்துச் சாரல் படாத பக்கமாக இழுத்துக்கொண்டார்.